குடில் விட்டுக் குடில்: சிங்கலீலா மலைமுகட்டில் ஆறு நாள் நடை

மலைக்குப் போவது என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு வகைப் பயணங்கள் நினைவுக்கு வரும். ஒன்று பழநி, திருப்பதி, சபரிமலை என்று நேர்ந்துகொண்டு படியேறிப் போவது. மற்றொன்று கோடை விடுமுறையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பேருந்தில் போய், ஏரியில் படகு விட்டு, மறுநாள் இறங்குவது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. மலையின் முகட்டிலேயே நாள்தோறும் நடந்து, அந்தி சாயுமுன் ஒரு குடிலை அடைந்து, அங்கே உண்டு உறங்கி, மறுநாள் அடுத்த குடிலை நோக்கி நடப்பது. கூடாரம் வேண்டாம், அடுப்பும் பாத்திரமும் சுமக்க வேண்டாம். முதுகில் மாற்றுடையும் மழைச்சட்டையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த நடை, உண்மையில் உடலையும் மனத்தையும் நன்றாகவே சோதிக்கக் கூடியது. அதை எப்படிக் கற்றுத் தயாராவது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாக, கிழக்கு இந்தியாவில் வாழும் நமக்கு மிக அருகிலுள்ள பாதையையே எடுத்துக்கொள்வோம். டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சனில் தொடங்கி, சந்தக்பு, பாலுட் வழியாகச் செல்லும் சிங்கலீலா மலைமுகட்டுப் பாதை அது.

குடில் என்னும் ஏற்பாடு

இந்த முறை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வேரூன்றியது. 1863-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் சங்கம், அதே ஆண்டில் தோடி என்னும் மலையில் தன் முதல் குடிலை அமைத்தது. சிகரம் ஏறுவோர் ஓர் இரவு ஒதுங்க இடம் என்பதே முதல் நோக்கம். ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாகக் குடில்கள் பெருகவே, சிகரம் ஏறாமல் குடிலிலிருந்து குடிலுக்கு நடப்பதே ஒரு தனிப் பயணமாக வளர்ந்தது.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி டாக் பங்களா. ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகள் சுற்றுப்பயணம் போகும்போது தங்குவதற்காகக் கட்டப்பட்ட இவை, இந்தச் சிங்கலீலா முகட்டிலும் இருந்தன. 1988-இல் டார்ஜிலிங் கூர்க்கா மலை மன்றம் அமைந்த பிறகு, 'ட்ரெக்கர்ஸ் ஹட்' என்ற பெயரில் நடைப்பயணிகளுக்கான குடில்கள் நடத்தப்பட்டன. 2012-இல் அம்மன்றத்தின் இடத்துக்குக் கூர்க்காலாந்து ஆட்சி அமைப்பு வந்தது. இன்று இவற்றோடு, ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டோடு சேர்த்து நடத்தும் விடுதிகளும் பல உள்ளன.

இந்தப் பாதைக்குப் பழைய பெருமையும் உண்டு. ஜோசப் ஹூக்கர் என்ற புகழ்பெற்ற தாவரவியல் அறிஞர் 1848-இல் இம்முகட்டின் தொங்லு மலையில் ஏறிச் செடிகொடிகளை ஆராய்ந்தார். சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கே சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும் ரோடோடென்ட்ரான் மரங்களை மேலைநாட்டார் அறியச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர்.

பாதையின் அமைப்பு

சிங்கலீலா என்பது கஞ்சன்ஜங்காவின் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வரும் ஒரு நீண்ட மலைமுகடு. அதன் ஒரு பக்கம் நேபாளம். மறுபக்கம் மேற்கு வங்காளமும் சிக்கிமும். பாதை எல்லைக் கோட்டை ஒட்டியே வளைந்து செல்வதால், காலையில் இந்தியாவில் தேநீர் குடித்து, நேபாளத்தில் பகலுணவு உண்டு, மீண்டும் இந்தியாவில் உறங்க நேரிடும். ஆகவே வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருப்பது அவசியம். எல்லைக் காவல் சாவடிகளில் பெயரைப் பதிவு செய்வார்கள்.

பாதையின் பெரும்பகுதி சிங்கலீலா தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. 1986-இல் சரணாலயமாகவும் 1992-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இக்காடு, செம்பாண்டா என்னும் அரிய விலங்கின் வாழிடம். மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, பூங்கா மூடப்படும். மற்ற மாதங்களில் நுழைவுச் சீட்டும், பதிவு பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். வழிகாட்டிகளை மானேபஞ்சனிலேயே அமர்த்திக் கொள்ளலாம்.

ஆறு நாள் நடையைப் பின்வருமாறு பிரித்துக் கொள்வது வழக்கம். உயரங்களும் தூரங்களும் ஏறத்தாழக் கொடுக்கப்பட்டவை.

முதல் நாள்: 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மானேபஞ்சனிலிருந்து 2,950 மீட்டர் உயரத்திலுள்ள தும்லிங் வரை 12 கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர், சித்ரே மடாலயம் வரை, மூச்சு வாங்கும் செங்குத்து. பிறகு மேகங்கள் குடியிருக்கும் மேக்மா.

இரண்டாம் நாள்: தும்லிங்கிலிருந்து காளிபோக்ரி வரை 13 கிலோமீட்டர். முதலில் கைரிபாஸுக்கு 2,600 மீட்டர் வரை இறங்கி, மீண்டும் 3,150 மீட்டர் வரை ஏற வேண்டும். ஏறிய உயரத்தை இறங்கித் தொலைத்துவிட்டு மறுபடி ஏறுவது மனத்துக்குச் சோர்வு தரும். இதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. காளிபோக்ரி என்றால் கருங்குளம். ஊருக்கே பெயர் தந்த அந்தச் சிறு குளத்தை அங்குள்ளவர்கள் புனிதமாகப் போற்றுகிறார்கள்.

மூன்றாம் நாள்: சந்தக்பு வரை 6 கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் கடைசி நான்கு கிலோமீட்டர் விடாத ஏற்றம். 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்புவே மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம்.

நான்காம் நாள்: பாலுட் வரை 21 கிலோமீட்டர். உயரம் 3,600 மீட்டர். திறந்த புல்வெளி முகடு, காற்று அறையும், வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது.

ஐந்தாம் நாள்: பாலுட்டிலிருந்து கோர்க்கே வரை 15 கிலோமீட்டர். ஒரே நாளில் 1,300 மீட்டர் இறக்கம்.

ஆறாம் நாள்: ராமம் வழியாக ஸ்ரீகோலா. அங்கிருந்து ரிம்பிக் வழியாக ஜீப்பில் டார்ஜிலிங் திரும்பலாம்.

சந்தக்புவில் வானம் தெளிவாக இருந்தால், உலகின் ஐந்து உயர்ந்த சிகரங்களில் நான்கு ஒரே இடத்திலிருந்து தெரியும்: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு. இரண்டாம் இடத்திலுள்ள கே-2 மட்டும் தொலைவிலுள்ள காரகோரத்தில் இருப்பதால் இந்த வரிசையில் இல்லை. கஞ்சன்ஜங்காவும் அதன் பக்கத்துச் சிகரங்களும் சேர்ந்து ஒருவர் மல்லாந்து படுத்திருப்பது போலத் தோன்றுவதால், 'துயிலும் புத்தர்' என்று பெயர் சொல்லி வணங்குகிறார்கள்.

உயரம் என்ன செய்யும்?

இனி இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். அதாவது, நாம் சிறுவயதில் பார்த்த மலைகள் அனைத்தும் தும்லிங்கைவிடத் தாழ்ந்தவை. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே நம் மலைகளில் பழகிய அனுபவம் இங்கே போதாது. 'ஊட்டியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லி ஆறுதல் அடைய இடமில்லை.

உயரே போனால் காற்றில் பிராணவாயு குறைந்துவிடும் என்று சொல்வார்கள். இதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். சந்தக்புவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 65 விழுக்காடு. ஆக, கொல்கத்தாவில் இரண்டு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவைப் பெற அங்கே மூன்று மூச்சு வேண்டும்.

உடல் இதற்கு எப்படி ஈடு கொடுக்கிறது? முதலில் மூச்சு வேகமாகிறது. இதயத் துடிப்பும் கூடுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை சற்று ஏறுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் வேலை செய்கின்றன. உயரத்தில் சிறுநீர் அதிகம் போவது இதனால்தான். அது நல்ல அறிகுறி. ஆனால் இந்தச் சரிக்கட்டலுக்குச் சில நாட்கள் தேவை. புதிய சிவப்பணுக்கள் போதுமான அளவில் உருவாகவோ வாரக்கணக்கில் ஆகும். உடல் கேட்பது கால அவகாசம். அதைக் கொடுக்காமல் ஏறினால் நோய் வரும்.

முதல் படி நோய் தலைவலி. அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேரும். உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும்.

இதைப் பொருட்படுத்தாமல் மேலே போனால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று மூளையில் நீர் கோத்தல். குடித்தவர் போல நடை தள்ளாடும், பேச்சு குழறும், மனம் தெளிவிழக்கும். ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் நடக்க முடியாது. மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறும், படுக்க முடியாது, இருமல் வரும், முற்றினால் சளியில் இளஞ்சிவப்பு நுரை தெரியும். இவ்விரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: உடனே கீழே இறங்குதல். பிராணவாயு உருளையும் மாத்திரையும் இறங்கும் வழியில் துணை செய்யலாமே தவிர, இறங்குவதற்கு மாற்று ஆகா.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். திடகாத்திரமானவருக்கு இந்நோய் வராது என்பது உண்மையன்று. நாள்தோறும் ஓடிப் பயிலும் இருபத்தைந்து வயது இளைஞருக்கு வரலாம். அவரோடு வந்த ஐம்பது வயது மாமாவுக்கு வராமல் போகலாம். சொல்லப்போனால் இளைஞருக்கே ஆபத்து அதிகம். கால்கள் வலுவாக இருப்பதால் வேகமாக ஏறிவிடுகிறார், வெட்கத்தால் தலைவலியைச் சொல்லாமல் மறைத்து விடுகிறார்.

நடப்பதா, ஜீப்பில் போவதா?

மானேபஞ்சனிலிருந்து சந்தக்புவுக்கு 31 கிலோமீட்டர் வண்டிப்பாதை உண்டு. 1950-களில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் லாண்ட் ரோவர் வண்டிகள் கற்பாதையில் குதித்துக் குதித்து ஏறுவது இவ்வூரின் அடையாளமாகவே இருந்து வந்தது. பாதை செப்பனிடப்பட்ட பிறகு புதிய ஜீப்புகளும் ஓடுகின்றன. சில மணி நேரத்தில் சந்தக்பு போய்விடலாம்.

'வயதாகிவிட்டது, நடக்க முடியாது, ஜீப்பில் போவதே பாதுகாப்பு' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முழங்காலைப் பொறுத்தவரை அது சரி. உயர நோயைப் பொறுத்தவரை நேர்மாறு. கணக்குப் பார்ப்போம். ஒருவர் சியால்தாவில் இரவு ரயிலேறி, மறுநாள் காலை நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, அன்றிரவு மானேபஞ்சனில் தங்கி, அடுத்த நாள் ஜீப்பில் சந்தக்பு போகிறார். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து புறப்பட்டு, இடையில் 2,000 மீட்டரில் ஓர் இரவு மட்டும் கழித்து, 3,636 மீட்டரில் படுக்கிறார். உறங்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டர் கூடுகிறது.

மலை மருத்துவர்கள் வகுத்த விதி வேறு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கிவிட வேண்டும். நம் நடைப் பயணியின் உறங்கும் உயரங்களைப் பாருங்கள்: 2,000; 2,950; 3,150; 3,636. தும்லிங்கிலிருந்து காளிபோக்ரிக்கு 200 மீட்டர். காளிபோக்ரியிலிருந்து சந்தக்புவுக்கு 486 மீட்டர். விதி தானாகவே காக்கப்படுகிறது. குடில்கள் இருக்கும் இடைவெளியே மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவாக அமைந்திருக்கிறது.

2024-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், இப்பாதைக்குச் சென்ற கொல்கத்தா சுற்றுலாப் பயணிகள் உடல்நலம் கெட்டு உயிரிழந்த செய்திகள் அடுத்தடுத்து வந்ததை அன்பர்கள் நினைவுகூரலாம். மேலே பெரிய மருத்துவமனை கிடையாது என்பதை மறக்கலாகாது. ஜீப்பில்தான் போக வேண்டும் என்றால், டார்ஜிலிங்கில் இரண்டு இரவும், தும்லிங்கில் ஓர் இரவும், காளிபோக்ரியில் ஓர் இரவும் தங்கிப் போவதே முறை. செலவு கூடும், ஆனால் அந்தச் செலவில் வாங்குவது உயிருக்கான காப்பு.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து பேசுவது கட்டாயம். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உயர நோயைத் தடுக்க உதவும். ஆனால் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது. மேலே இருக்கும்போது மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். இரண்டும் உறக்கத்தில் மூச்சைத் தளர்த்தும்.

நேரக் கணக்கு

குடில் நடையில் அன்றாடக் கேள்வி ஒன்றே: இருட்டுமுன் போய்ச் சேருவோமா? இதற்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஓர் எளிய கணக்கு சொன்னார். மீட்டர் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம்.

முதல் நாளைக் கணக்கிடுவோம். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம். 950 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 35 நிமிடம். ஆக நான்கு மணி நேரம். ஆனால் இது பழகியவர் நடை. ஓய்வு நேரமும் சேரவில்லை. சமவெளியில் வாழும் நாம் இதை ஒன்றரை மடங்காக்கிக் கொள்ள வேண்டும். ஆறு மணி நேரம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டு மணிக்குத் தும்லிங்.

நான்காம் நாளையும் பாருங்கள். 21 கிலோமீட்டருக்கு 4 மணி 12 நிமிடம். இடையிடையே வரும் ஏற்றங்களுக்கு ஒரு மணி நேரம் சேர்த்து, ஒன்றரை மடங்காக்கினால் எட்டு மணி நேரம் ஆகிறது. நவம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பிற்பகலில் மூடுபனி ஏறினால் பத்தடி தூரம் தெரியாது. ஆகவே காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

பயிற்சி

சமவெளி நகரத்தில் மலைக்கு எங்கே போவது? மாடிப்படி இருக்கிறதே. ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் ஏற்றம் மட்டும் முந்நூறு மாடிக்கு மேல். பயப்பட வேண்டாம், இரண்டு மாத அவகாசம் இருந்தால் போதும். முதல் வாரம் நாளொன்றுக்கு இருபது மாடி ஏறி இறங்குங்கள். வாரத்துக்குப் பத்து மாடி கூட்டுங்கள். கடைசி மூன்று வாரம் முதுகில் பை மாட்டி, அதில் ஆறேழு கிலோ எடை வைத்து ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணி நேரம் தொடர்ந்து நடந்து பாருங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தசை இழைகள் அதிகம் நைகின்றன. ஐந்தாம் நாள் கோர்க்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஆறாம் நாள் காலை படி இறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான். எனவே பயிற்சியின்போது மின்தூக்கியில் இறங்காதீர்கள். மலையில் ஒரு கைத்தடி வைத்துக்கொண்டு, சிறு சிறு அடியாக இறங்க வேண்டும்.

புதுச் செருப்போ புது ஷூவோ போட்டுக்கொண்டு மலைக்குப் போகக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியிருக்க வேண்டும். ஒரு கொப்புளம் போதும், ஆறு நாள் மகிழ்ச்சியும் போய்விடும்.

உடையும் சுமையும்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும். கொல்கத்தாவில் 25 பாகை இருக்கும்போது சந்தக்புவில் ஒன்றிரண்டு பாகைதான். இரவில் தண்ணீர் உறையும். ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிட, மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். நின்றால் போட்டுக் கொள்ளலாம். உடம்பை ஒட்டிய உடை பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைக் குளிரச் செய்யும். வீட்டில் நமக்கு உற்ற தோழனான பனியன் அங்கே பகையாகிவிடும்.

குடில்களில் ரஜாய் கிடைக்கும் என்பதால் படுக்கை சுமக்க வேண்டியதில்லை. முதுகுச் சுமை எட்டுக் கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, டார்ச் விளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், வெல்லமும் வேர்க்கடலையும், தாம் வழக்கமாக உண்ணும் மருந்துகள், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை ஆகியவை அவசியம். அங்கே இயந்திரத்தில் பணம் எடுக்க முடியும் என்று நம்பாமல் ரொக்கமாகக் கொண்டு போக வேண்டும்.

குடிலில் நடந்துகொள்ளும் முறை

சாப்பாடு எளியது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை. சில இடங்களில் துக்பா என்னும் சூடான நூல்கூழ். சந்தக்புவில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. போய் இறங்கியதும் சாப்பாடு வேண்டும் என்று அதட்டுவதில் பயனில்லை. வந்தவுடன் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். பசி இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும். மறுநாள் நடைக்கு அதுவே எரிபொருள்.

குடில் நடத்துபவர்கள் நேபாளி பேசும் மலைமக்கள். இந்தியும் தெரியும். ஆண்களைத் 'தாய்' என்றும் பெண்களைத் 'தீதி' என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம். அண்ணன், அக்கா என்று பொருள். அப்படி அழைத்துப் பாருங்கள், கூடுதலாக ஒரு கோப்பைத் தேநீரும் நாளைய வானிலையும் கிடைக்கும். ஒவ்வொரு குடம் தண்ணீரும் தூரத்திலிருந்து வருவது. குளிக்க வெந்நீர் கேட்டு நிர்ப்பந்திக்க வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக் உறைகளைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். காட்டில் செம்பாண்டாவைப் பார்க்கும் பேறு கிடைத்தால், சத்தமிடாமல் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

கீழே மூன்று நிலைமைகள். விடையைப் படிக்குமுன், குழுத் தலைவர் நீங்கள் என்றால் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று சிந்தியுங்கள்.

1. காளிபோக்ரியில் இரவுச் சாப்பாட்டு நேரம். குழுவிலேயே வலுவான இளைஞர் தலைவலிக்கிறது, சாப்பாடு வேண்டாம் என்கிறார். மற்ற ஐவரும் நலம். மறுநாள் சந்தக்புவில் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று.

விடை: மறுநாள் அவர் ஏறக்கூடாது. காளிபோக்ரியிலேயே ஒரு துணையோடு தங்கட்டும். தலைவலி முற்றிலும் போனால் அதற்கு அடுத்த நாள் ஏறலாம். கூடினால் கைரிபாஸுக்கு இறங்க வேண்டும். 550 மீட்டர் இறக்கமே பெரும்பாலும் தெளிவு தரும். முன்பணம் போனால் போகட்டும்.

2. சந்தக்புவில் நள்ளிரவு. தோழர் ஒருவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி இருமுகிறார். 'விடியட்டும், பார்க்கலாம்' என்று ஒருவர் சொல்கிறார்.

விடை: விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வழிகாட்டியையும் குடில்காரரையும் எழுப்பி, கிடைக்கும் வண்டியில் அப்போதே இறக்க வேண்டும். நோயாளியை நடக்கவிடாமல், உட்கார்ந்த நிலையில், குளிர் படாமல் கொண்டுபோக வேண்டும். பிராணவாயு கிடைத்தால் வழியெல்லாம் கொடுக்கலாம். அதைக் கொடுப்பதற்காகப் புறப்பாட்டைத் தாமதிக்கலாகாது.

3. பாலுட் நோக்கிய நடை. தாமதமாகக் காலை பத்து மணிக்குத்தான் புறப்பட்டீர்கள். நண்பகலில் ஆறு கிலோமீட்டர் கடந்திருக்கிறீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது.

விடை: மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். மீதம் பதினைந்து கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஓய்வே இல்லாமல். மாலை ஐந்துக்கு இருட்டும். ஆனால் சந்தக்புவுக்குத் திரும்ப இரண்டு மணி நேரம் போதும், பாதையும் தெரிந்தது. திரும்பிவிடுங்கள். திட்டம் போடும்போதே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டால், இந்த முடிவை மனவருத்தமின்றி எடுக்கலாம். மறுநாள் ஆறரைக்குக் கிளம்பினால் பாலுட்டில் பிற்பகல் தேநீர் குடிக்கலாம்.